மண்டலம் என்னும் சொல்



குடமுழுக்கின் பின்னர் 48 நாள் இறைவனுக்கு நிகழும் நீராட்டினை மண்டலாபிஷேகம் என்பது வழக்கு. நாள்களின் தொகுதியொன்று மண்டலம் எனப் பெயர் பெற்றது எங்ஙனம் என்பது சிந்திக்கற்பாலது.

மண்டலம் என்பது வட்டம். தமிழ் நூல்கள் மண்டிலம் என்றும் வழங்கும். ஞாயிறும் திங்களும் தோன்றும் வட்டத்திற்கு அதுவே பெயர். நாட்டுப் பகுதியும் அப்பெயர் பூண்டது. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாடு தொண்டைமண்டலம். சோழர் ஆட்சியில் அது சயங்கொண்ட சோழமண்டலம் ஆயிற்று.

காலத்தைக் குறிக்குங்கால் அதன் அளவு ஒருபடித்தன்று. சபரிமலை மண்டல நோன்பு 41 நாள். மருந்துண்ணும் மண்டலத்தைச் சித்த மருத்துவர் பெரும்பாலும் 48 நாளாகவும், சிலர் 40, 45 நாளாகவும் கொள்வர். நாண்மீன் 27, இராசி 12, கோள் 9 எனக் கூட்டி 48க்குக் காரணம் கூறுவாரும் உளர். இக்காஞ்சியில் 2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை அத்திவரதர் காட்சி நல்கியதும் 48 நாளே: கிடந்த கோலத்தில் 31 நாள், நின்ற கோலத்தில் 17 நாள்.

அளவு வேறுபடினும் கருத்து ஒன்றே. அது முற்றுப்பெற்ற சுற்று. யாப்பிலக்கணம் இதனை இனிது விளக்கும். அடிமறி மண்டில ஆசிரியப்பாவில் எவ்வடியை முதலில் வைப்பினும், எவ்வடியை இறுதியில் வைப்பினும் பொருள் சிதையாது. வட்டத்திற்குத் தலையும் கடையும் இல்லையன்றோ? மண்டலத்தின் நாள்களும் அத்தகையனவே. பத்தாம் நாள் முதல்நாளினும் தாழ்ந்ததன்று.

நடைமுறையோ வேறாக உள்ளது. குடமுழுக்கு நாளில் நிற்க இடமிராது. நிறைவு நாளிலும் கூட்டம் பெருகும். இடைப்பட்ட நாள்களில் குருக்களும் நாலைந்து அன்பருமே நிற்பர். 48 நாளை 24 நாளாகச் சுருக்கும் ஊர்களும் உண்டு.

நெசவில் தேர்ந்த இவ்வூரார்க்கு உண்மை எளிதில் விளங்கும். தறியில் பாவு ஏற்றியவுடன் சேலை ஆகிவிடுவதில்லை. ஊடை ஓயாது ஓடவேண்டும். நடுவில் ஓரிழை அறுந்தாலும் குறை குறையே; முந்தானையின் அழகு அதனை மறைக்காது. குடமுழுக்கு பாவு, மண்டல வழிபாடு ஊடை.

ஆதலின், ஒவ்வொரு தெருவினரும் இடைநாள் ஒன்றைத் தமதாக ஏற்றுத் திருமுன் நிற்றல் வேண்டும். அப்பொழுதே இச்சுற்று முற்றுப்பெறும். மண்டலம் என்னும் பெயரும் பொருந்தும்.

திருச்சிற்றம்பலம்.