முதுமை மறதி நோயும் பராமரிப்போர் துணையும்
(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



ரப்பர் விலையைப் பற்றியோ ஊழியர் சேமநிதியைப் பற்றியோ விளக்கம் அளிப்பதற்கே தகவல் அதிகாரிகள் தோட்டத்திற்கு வருவார்கள் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். இன்று நான் பேச வந்திருப்பதோ, வீட்டிற்குள் நடப்பதும் வெளியே எவரும் சொல்லிக்கொள்ள விரும்பாததுமான ஒரு செய்தியாகும். என் வீட்டிலும் அது நடந்தது. ஆகவே என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தாயார் குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தந்தையார் மறைந்த பின்னர், சிங்கப்பூரில் மணமாகிச் சென்றிருந்த என் தமக்கையாருடன் வாழலானார். சிராங்கூன் சாலைப் பகுதியிலே, தேக்கா சந்தைக்கு அருகிலுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் தமக்கையாரின் வீடு. நான் மாதந்தோறும் பணம் அனுப்பினேன். திருநாள்களில் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சென்று பார்த்து வந்தேன். மகனின் கடமை அத்துடன் முடிந்தது என்பது அன்றைய என் கணக்கு.

முதலில் அவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அடுப்பில் வைத்த பாலை மறந்தார். பின்னர் ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, "என் கத்தி எங்கே? வாளி எங்கே? பிரட்டுக்கு நேரமாகிறது" என்று கேட்கத் தொடங்கினார். தோட்டத்தை விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்த காலம் அது. தமக்கையார் கதவைப் பூட்டினார். பூட்ட மறந்த ஓர் இரவில், தாயார் மின்தூக்கியில் இறங்கிச் சாலைக்குச் சென்றுவிட்டார். பூக்கடை ஒன்றில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அவரைக் கண்டு அமர வைத்து, தேநீர் வாங்கித் தந்து, நாங்கள் வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய பெயரைக் கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இது பேய் பிடித்ததன்று. பிள்ளைகளைச் சோதிப்பதற்காகச் செய்வதுமன்று. முதுமை மறதி என்று நாம் கூறுவது மூளையைத் தாக்கும் நோயாகும். அதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படும் ஒன்றினை 1906ஆம் ஆண்டில் அல்சைமர் என்னும் செர்மானிய மருத்துவர் எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. புதிய செய்திகளைப் பதித்துக்கொள்ளும் மூளைப்பகுதி அதில் முதலில் பழுதடைகின்றது. காலையில் உண்டது மறந்துபோகும். நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய நிரையும் மரமும் நினைவில் நிற்கும். கை பழகிய தொழிலோ நெடுநாள் நிலைத்திருக்கும். என் தாயார் கத்தியைத் தேடியதன் காரணம் அதுவே. உலகில் 5 கோடியே 70 இலட்சம் மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்பது 2021ஆம் ஆண்டுக்கு உலகச் சுகாதார நிறுவனம் தந்த கணக்கு. சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நோய் இன்னதென்று கண்டறியப்படாமலேயே இருந்தனர். மருத்துவ வசதி மிகுந்த நகரத்திலேயே நிலைமை இதுவானால், நம் லயங்களில் "வயதாகிவிட்டது" என்னும் ஒரே சொல்லால் எத்தனை பேரை மூடி வைத்திருக்கிறோமோ!

ஆயினும் நான் பேச வந்தது நோயைப் பற்றி மட்டுமன்று. நோயாளியின் அருகிலேயே இரவும் பகலும் இருப்பவரைப் பற்றியது.

நான் ஆசிரியர்ப் பயிற்சி பெற்றவன். பிழையைக் கண்டால் திருத்துவது என் பழக்கம். சிங்கப்பூர் சென்றிருந்தபோதெல்லாம், "அம்மா, இது தோட்டமன்று, சிங்கப்பூர். உங்களுக்கு இப்போது வேலையில்லை" என்று எடுத்துரைப்பேன். ஒவ்வொரு முறையும் அவர் அழுதார். மருத்துவர் மாத்திரை தந்தார், நோயை விளக்கினார், மூன்று மாதங்களுக்குப் பின் வரச் சொன்னார். அந்த மூன்று மாதங்களின் விடியற்காலை நான்கு மணிகளை எவ்வாறு கழிப்பது என்று அவரால் எங்ஙனம் சொல்ல முடியும்?

அதனைச் சொன்னவர் மற்றொரு பராமரிப்பாளர். சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு தோன்றிய அல்சைமர் நோய்ச் சங்கம், 2021 முதல் டிமென்ஷியா சிங்கப்பூர் என்ற பெயரில் இயங்கி வருகின்றது. பராமரிப்போர் ஒன்றுகூடிப் பேசும் ஆதரவுக் குழுக்களை நடத்துவதும் அதன் பணிகளுள் ஒன்று. இத்தகைய குழுக்கள் வேறு அமைப்புகளிலும் உண்டு. பக்கத்து வீட்டார் வற்புறுத்தியதன் பேரில் தமக்கையார் அவ்வாறான ஒரு குழுவிற்குச் சென்றார். இரண்டாம் முறை நானும் உடன் சென்றிருந்தேன். பத்துப் பதினைந்து நாற்காலிகள், பிஸ்கட், தேநீர். வேறு ஆடம்பரம் எதுவுமில்லை.

அன்று தமக்கையார் எழுந்து, "நான் என் தாயை அடித்துவிட்டேன்" என்றார். மூன்று இரவுகள் உறக்கமின்றி இருந்தபின், கதவின் தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டிருந்த தாயாரின் கையில் அடித்திருக்கிறார். என்னிடம் அவர் அதனைச் சொல்லவில்லை. அத்தானிடமும் சொல்லவில்லை. முன்பின் அறியாத மனிதர்களிடம் சொன்னார். நான் தலை குனிந்தேன். அங்கிருந்தோர் எவரும் அவரைப் பழிக்கவில்லை. சற்று நேர அமைதிக்குப் பின் ஒரு சீன மாது, "நானும் அடித்திருக்கிறேன்" என்றார். இன்னொருவர், அறையில் தனியே விட்டுப் பூட்டியதைச் சொன்னார். அடித்தது சரியென்று எவரும் கூறவில்லை. கை ஓங்கும் நிலை வருமுன் யாரை அழைப்பது, எந்த இரவை யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றியே அதன் பின்னர் பேசினார்கள்.

குழுவில் ஒரு முதியவர் இருந்தார். இளமையில் ஜொகூரில் பால் வெட்டியவர்; இப்போது மனைவியைப் பராமரிப்பவர். அவர் தமக்கையாரைப் பார்த்து, "தங்கச்சி, அம்மா கத்தியைக் கேட்டால் இல்லையென்று சொல்லாதே. மழை பெய்கிறது, இன்று வெட்டு இல்லை என்று சொல்" என்றார்.

தோட்டத்தில் வாழும் உங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மறுநாள் விடியலில் தமக்கையார் அவ்வாறே சொன்னார். தாயார் சன்னல் பக்கம் பார்த்தார். "அப்படியா? பட்டை நனைந்திருக்கும்" என்று கூறி, மீண்டும் படுத்துக்கொண்டார். எல்லா நாள்களிலும் இது பலிக்கவில்லை. பத்து நாள்களில் ஆறேழு நாள்கள் பலித்தது. தாயிடம் பொய்யுரைப்பதா என்று என் மனம் முதலில் தயங்கியது. திருத்தித் திருத்தி நான் அவரை அழவைத்ததை எண்ணிப் பார்த்தபின் அத்தயக்கம் நீங்கியது.

அக்குழுவில் நான் கண்ட குறையொன்றையும் சொல்லிவிடுகிறேன். வந்திருந்தோருள் ஆண்கள் நானும் அம்முதியவருமாக இருவர் மட்டுமே. ஏனையோர் மகள்களும் மருமகள்களுமே ஆவர். ஆண்மக்களே, பணம் அனுப்புவது உதவிதான். ஓர் இரவு விழித்திருப்பது வேறு உதவி. அதன்பின் நான் மாதத்தில் இரு வார இறுதிகளைத் தமக்கையாரின் இல்லத்தில் கழித்தேன்.

சிங்கப்பூரில் முதியோர் பகல் பராமரிப்பு நிலையங்கள் உள்ளன. இங்கே தோட்டத்தில் என்ன உண்டு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் நாட்டில் 1997ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மலேசிய அல்சைமர் நோய் அறநிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் இயங்குகின்றது. தோட்டத்திலிருந்து அது தொலைவுதான். ஆயினும் முதற்படி அருகிலேயே உள்ளது. மறதி தோன்றினால் அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். தைராய்டுக் கோளாறு, பி12 ஊட்டச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைப் போலவே தோன்றக்கூடும். அவற்றிற்குச் சிகிச்சை உண்டு.

அடுத்தது, இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றுகூடுவது. பராமரிப்பவர் கூட்டத்திற்குப் போனால் முதியவரை யார் பார்ப்பது என்பதே பெரும் இடர்ப்பாடு. முன்பு பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஊரே வேலைக்குப் போனதன்றோ? அதுபோல் ஒரு வீட்டுத் திண்ணையில் முதியோர் இருவரையும் அமர வைத்து ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரம் பேசலாம். அடுத்த மாதம் முறை மாறட்டும்.

கூட்டம் முடிந்த பின் ஒரு மணி நேரம் நான் இம்மண்டபத்தின் பின்புறத் திண்ணையில் இருப்பேன். வீட்டில் இத்தகைய பெரியவர் இருப்போர் வந்து பேசலாம். எவருடைய பெயரையும் நான் எழுதிக்கொள்ளப் போவதில்லை.