பெட்டியில் வாராத வண்டி

    

ஆண்டு விழா என்றால் இலக்கியச் சொற்பொழிவு, நாடகம், நாட்டியம் என்பதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு சிறு மாதிரி வண்டி செய்வதைப் பற்றிப் பேச எங்களுக்கு இடமளித்த செயற்குழுவினர்க்கு நன்றி. உரையை வாசிப்பவர் ஒருவரேயாயினும் எழுதியவர் நால்வர். ஆகவே 'நாங்கள்' என்றே சொல்லிச் செல்வோம். நால்வரும் செங்கலைச் சேர்ந்தவர்கள். சுவர் எழுப்பும் செங்கல் அன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அருகே உள்ள ஊர் அது. இக்காலனிக்குக் குடிவந்த நாள்முதல் இவ்விளக்கத்தைச் சொல்லி வருகிறோம்; இன்னும் சில அன்பர்கள் எங்களைச் சூளைக்காரர்கள் என்றே எண்ணுகின்றனர்.

வண்டி கட்டும் கலையில் எங்களுக்கு முதல் ஆசான் பனைமரம். நொங்கு தின்றபின் எஞ்சும் காய்கள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, நடுவே கவைக்கம்பை வைத்துத் தள்ளினால் நொங்கு வண்டி ஓடும். சில நாளில் காய் வாடிச் சுருங்கும்; சக்கரம் கோணும்; வேறு காய் தேடுவோம். தேய்ந்த ரப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டினால் அது நொங்கினும் நெடுநாள் உழைக்கும் என்று பிற்பாடு கண்டுகொண்டோம். மீன் டின் வண்டியின் உடலாயிற்று. தீப்பெட்டி ஓட்டுநரின் அறையாயிற்று. கடையில் வாங்கிய பொம்மை எங்களில் ஒருவர் வீட்டில்தான் இருந்தது. அதுவும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே இருந்தது.

மேல்நாட்டில் இவ்வேலைக்குத் தனிக் கடைகளும் கழகங்களும் உண்டு. உண்மை வண்டியைக் குறிப்பிட்ட அளவிற்குச் சுருக்கி, அதன் உறுப்புகளைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, பெட்டியிலிட்டு விற்பார்கள். வாங்கியவர் ஒட்டிப் பொருத்திக்கொள்ள வேண்டும். அதைக் 'கிட்' என்பர். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1949-இல் ஃபெர்குசன் டிராக்டரின் மாதிரியோடு இத்துறையில் நுழைந்தது. 1958-இல் அமெரிக்காவின் ஏ.எம்.டி. கம்பெனி, ஒரே காரை மூன்று விதமாகப் பொருத்தத்தக்க மாற்று உறுப்புகளோடு விற்கத் தொடங்கியது. அவ்வளவில் நில்லாத கைகள் ஒரு கிட்டின் சக்கரத்தை வேறொரு கிட்டின் உடலில் ஏற்றின. எந்தக் கிட்டிலும் இல்லாததைத் தகட்டில் அறுத்துத் தாமே செய்துகொண்டன. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அதில் விண்ணில் பறந்த கப்பல்களின் மேற்புறத்தில், பீரங்கி வண்டிக் கிட்டுகளிலிருந்து எடுத்து ஒட்டிய துண்டுகள் பல இருந்தன.

எத்தனையோ நாட்டு வண்டிகள் இவ்வாறு பெட்டியில் வந்துவிட்டன. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாலையில் ஓடிய பழைய பஸ் மட்டும் வரவில்லை. அதைச் செய்வதே எங்கள் ஆசையாயிற்று.

அந்தப் பஸ்ஸின் வரலாற்றைச் சிறிது சொல்லியாக வேண்டும். திருவிதாங்கூர் அரசு தன் பஸ் போக்குவரத்தை 1938 பிப்ரவரி 20-இல் தொடங்கியது. லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து வந்த சால்டர் என்னும் ஆங்கிலேயர் அதற்குத் தலைமை வகித்தார். காமர் கம்பெனியின் அடிச்சட்டங்கள் 60 வந்து இறங்கின. அவற்றில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. மேற்கூடு முழுவதையும் நம்மவர்கள் இங்கேயே கட்டினர். ஓர் ஊர் அடிச்சட்டம், வேறோர் ஊர் எஞ்சின், உள்ளூர்க் கைகள் கட்டிய உடல்! நாங்கள் மேசைமேல் செய்வதை அவர்கள் பட்டறையில் முழு அளவில் செய்திருக்கின்றனர். இன்றும் கரூர்ப் பட்டறைகளுக்குச் சென்றால், கூடில்லாத வெறும் அடிச்சட்டமாக வந்து நிற்கும் வண்டி சில வாரங்களில் பஸ்ஸாக எழுவதைக் காணலாம். ஆகவே பல பெட்டிகளின் உறுப்புகளைக் கலந்து கட்டுவது கலப்படம் என்று குறை சொல்லும் நண்பர்களுக்கு, உண்மைப் பஸ்ஸே அப்படிப் பிறந்ததுதான் என்பது எங்கள் விடை.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலையைக் கடந்து களியக்காவிளை போய்ச் சேர்வதற்குள் மாநிலம் மாறியது. பெண் கொடுத்த வீடு ஒரு மாநிலம், பெண் எடுத்த வீடு ஒரு மாநிலம் என்றாயின எங்கள் குடும்பங்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு இரயில் வந்தது 1979-இல்தான். அதுவரை இரு பக்கத்து உறவையும் சுமந்தது பஸ். கல்யாணத்திற்கும் சாவிற்கும் அதில்தான் போனோம்.

இன்று கேரளத்தில் அரசு பஸ்ஸை 'ஆனைவண்டி' என்று கொஞ்சி, அதன் சிறு மாதிரிகளை அழகுறச் செய்யும் இளைஞர் பலர் உளர். அவர்கள் பணிமனைக்கே சென்று நாடாவால் அளந்துகொள்ள இயலும். எங்களுக்கு அளக்க வண்டி இல்லை. இருந்தது ஒரு புகைப்படம். 1952-இல் எங்கள் உறவினர் திருமணத்திற்குச் சென்ற கூட்டம், மூக்கு நீண்ட பஸ் ஒன்றின் பக்கவாட்டில் நின்று எடுத்துக்கொண்டது. படத்தில் டயரின் குறுக்களவு 10 மில்லிமீட்டர். அக்காலத்துப் பெரிய டயர் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் என்று கொண்டால், படத்தில் 80 மில்லிமீட்டர் நீளமுள்ள பஸ் 8 மீட்டர் ஆகிறது. அதை 24-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 33 சென்டிமீட்டர். பள்ளியில் எங்களை மிரட்டிய விகிதக் கணக்கு இத்தனை இனியது என்று அன்று எவரும் சொல்லவில்லை!

பிறகு உறுப்பு வேட்டை தொடங்கிற்று. மூக்கும் மட்காப்பும் பாதி ஒட்டிக் கைவிடப்பட்ட ஓர் அமெரிக்க லாரிக் கிட்டிலிருந்து வந்தன; அது 25-இல் ஒரு பங்கு. அடிச்சட்டமும் சக்கரமும் ஐரோப்பியக் கிட் ஒன்றிலிருந்து வந்தன. அது 24-இல் ஒரு பங்கு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு நான்கே, கண் பொறுக்கும். ஆனால் 32-இல் ஒரு பங்கான ஜீப்பின் ஸ்டியரிங்கை வைத்தபோது கண் பொறுக்கவில்லை. அரை மீட்டர்ச் சக்கரம் எங்கள் அளவில் இரண்டு சென்டிமீட்டருக்குமேல் இருக்க வேண்டும்; அதுவோ ஒன்றரையே. ஓட்டுநர் தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு பஸ் ஓட்டுவது போலிருந்தது. செம்புக் கம்பியை வளைத்துப் புதிதாகச் செய்தோம்.

முதலில் கட்டிய உடல் அழிந்துபோனது. எளிதில் அறுக்கலாம் என்று தெர்மாகோலில் கட்டி, கடைசி நாளில் சிவப்பு ஸ்பிரே வண்ணம் அடித்தோம். வண்ணத்திலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்பதை அறியோம். கண்ணெதிரே மேற்கூரை குழிந்து, சன்னல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மூன்று மாத உழைப்பு கால் மணி நேரத்தில் கூழாயிற்று. எங்களில் மூத்தவர் அன்றிரவு உணவு கொள்ளவில்லை. இரண்டாம் உடலை, விளம்பரப் பலகை செய்வோர் பயன்படுத்தும் மூன்று மில்லிமீட்டர் சன்போர்டில் கட்டினோம். மூன்று மில்லிமீட்டர்ச் சுவர் உண்மையளவில் ஏழு சென்டிமீட்டர்க் கனம் ஆகிவிடுமாதலால், சன்னல் ஓரங்களுக்கு மட்டும் ஒரு மில்லிமீட்டர்ப் பிளாஸ்டிக் தகடு. அக்காலத்துப் பஸ்ஸின் சன்னலுக்குக் கண்ணாடி இல்லை. மழை வந்தால் இறக்கிவிடும் தார்ப்பாய்ச் சுருள்தான். அது கிழிந்த குடைத்துணியில் அமைந்தது. விளக்கின் கண்ணாடி மாத்திரை அட்டையின் குமிழ். கூரை ஏணி தென்னை ஈர்க்கு. இருசு சைக்கிள் கம்பி. ஒரு டயரை அச்சாக வைத்து ரப்பர் வார்ப்பு எடுத்து, ஆறு டயரையும் ரெசினில் வார்த்தோம். "பழைய சாமான்காரன் வந்தால் இவர்களையும் சேர்த்துப் போடலாம்" என்று இல்லத்தரசியர் சொன்னதை இம்மேடையில் பதிவு செய்கிறோம்.

முடிந்தது என்று எண்ணி, காலனியில் மகனோடு வாழும் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். பிள்ளைகள் அவரைப் 'பாட்டா' என்பர். வயது 85. சிறு வயதில் அந்தப் பஸ்ஸில் நாகர்கோவில் சென்றவர். பிற்காலத்தில் கண்டக்டராகப் பணியாற்றியவர். வண்டியைக் கையில் வாங்கினார். வண்ணத்தையோ மூக்கையோ பார்க்கவில்லை; படியில் விரலை வைத்தார்.

"மக்களே, கருப்பட்டிக் கடவத்தோட இந்தப் படியிலே எவ ஏறுவா?"

அளந்தோம். தரையிலிருந்து படி இரண்டரை சென்டிமீட்டர். உண்மையளவில் 60 சென்டிமீட்டர்! இன்றைய கனரக லாரிக்கென வார்த்த அடிச்சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டதன் விளைவு அது. வண்டி முழுவதுமே உயர்ந்துவிட்டிருந்தது. கிட் தந்த உறுப்பு சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டோம். தலையில் கடவம் சுமந்து ஏறிய எங்கள் பாட்டிமாரை நினைக்கவில்லை. வில்பட்டைகளை அறுத்துத் தலைகீழாகப் பொருத்தி, வண்டியைத் தாழ்த்தினோம். இப்போது படி 18 மில்லிமீட்டர். உண்மையளவில் 43 சென்டிமீட்டர். பாட்டா மீண்டும் விரலை வைத்துப் பார்த்து, "ஏறலாம்" என்றார்.

எஞ்சியிருப்பது முன்பலகை. புகைப்படத்தில் அது மாப்பிள்ளைத் தோழர் ஒருவரின் தலைப்பாகைக்குப் பின்னே மறைந்துவிட்டது. அதில் எந்த ஊர், எந்த எழுத்தில்? எங்களுள் ஒருவர் தமிழிலேயே எழுதிவிடுவோம் என்றார். நம் பிள்ளைகள் முதலில் படிக்கும் ஊர்ப்பெயர் தமிழில் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். மற்றொருவர், படி விஷயத்தில் பட்டது போதாதா, விரும்பியதை எழுதினால் அது நம் ஆசையின் மாதிரியாகுமேயன்றிப் பஸ்ஸின் மாதிரியாகாது என்றார். இருவரும் பத்து நாள் பேசிக்கொள்ளவில்லை. பாட்டாவைக் கேட்டோம். பஸ்ஸின் ஓசையை வைத்தே ஏறியவர் அவர். பலகையைப் பார்த்த நினைவு அவருக்கு இல்லை. எனவே பலகையை வெறுமையாகவே விட்டிருக்கிறோம்.

அன்பர்களே, உங்களுள் பலருக்குக் குமரி மாவட்டத்திலும் பாறசாலைப் பக்கத்திலும் உறவுண்டு. வீட்டுப் பழைய ஆல்பத்தில், பஸ்ஸின் முகம் தெரியும் 1956-க்கு முந்திய படம் ஒன்று இருக்கக்கூடும். அதைப் பிய்க்க வேண்டா. ஆல்பத்தோடே சங்கத்தின் படிப்பகத்திற்குக் கொண்டுவாருங்கள். படி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம்.

இப்போது பெட்டியைத் திறக்கிறோம். பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கலாம். படியை மட்டும் தொட வேண்டா; பசை இன்னும் காயவில்லை.