தூணா, சுவரா? கடல் காற்றாலையும் நம்ம கடற்கரையும்

(திருவண்ணாமலையில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம மாவட்டத்துல கடல் இல்ல. ஆனா நம்ம போன்ல கடல் வருது. "கடல்ல காத்தாடி நட்டா ஊரே அரிச்சுப் போகும்"னு ஒரு ஃபார்வர்டு. "காத்தாடி அலையைத் தடுத்து ஊரைக் காப்பாத்தும்"னு இன்னொண்ணு. ரெண்டையும் நம்ம ஆளுங்களே பகிர்றாங்க. அதனாலதான் இன்னைக்கு இதைப் பேசுறேன்.

முதல்ல திட்டம் என்ன? 2024 ஜூன்ல ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்துச்சு. குஜராத் கடல்ல 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடல்ல 500 மெகாவாட். அதுல 600 கோடி ரெண்டு துறைமுகங்களை மேம்படுத்த. இந்த 600 கோடியை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரேன்.

இப்ப அலைக்கு வருவோம். பௌர்ணமி அன்னைக்கு கிரிவலப் பாதையைப் பாருங்க. வழியில மின்கம்பம் இருந்தா கூட்டம் நிக்குதா? ரெண்டு பக்கமும் ஒதுங்கிப் போய் திரும்ப ஒண்ணு சேருது. ஆனா குறுக்கே பேரிகேட் போட்டா? ஒரு பக்கம் நெரிசல், அந்தப் பக்கம் காலி.

கடல் காற்றாலையோட அடித்தூண் அந்த மின்கம்பம் மாதிரி. விட்டம் எட்டு, பத்து மீட்டர் இருக்கும். தூணுக்குத் தூண் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு இடைவெளி. தூரத்துல இருந்து வர்ற பெரிய அலை சுத்திக்கிட்டுப் போயிடும்.

அப்போ பாதிப்பே இல்லையா? இருக்கு. இறக்கை காத்துல இருந்து சக்தியை எடுக்குது, அதனால பின்னாடி காத்தோட வேகம் குறையும். அந்த இடத்துல காத்தால எழும்புற சின்ன அலையும் கொஞ்சம் தணியும். தூணைச் சுத்தி நீரோட்டம் சுழன்று மண்ணைத் தோண்டும், அதுக்குத்தான் அடியில கல் கொட்டுறாங்க. லண்டன் பக்கம் தேம்ஸ் முகத்துவாரத்துல 175 காற்றாலை நிக்குது. ஒவ்வொரு தூணுக்குப் பின்னாடியும் கலங்கல் தண்ணி கோடு மாதிரி நீளுறது செயற்கைக்கோள் படத்துலயே தெரிஞ்சுது. கரையை விட்டு எவ்வளவு தள்ளி நடுறோமோ, அந்த அளவுக்குக் கரையில பாதிப்பு குறையும்.

பேரிகேட் எது தெரியுமா? துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள நீட்டுற கல் சுவர். செஞ்சி, திண்டிவனம் வழியா புதுச்சேரி போய்ப் பாருங்க. நம்ம கிழக்குக் கரையில மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகருது. 1980களின் கடைசியில அங்க துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினாங்க. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்துச்சு, வடக்குப் பக்கம் கடற்கரையே போச்சு. கல்லைக் கொட்டினாங்க. அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து, பிள்ளைச்சாவடி, விழுப்புரம் மாவட்டத்துப் பொம்மையார்பாளையம் மீனவர் வீடுகளைத் தொட்டுச்சு. அங்க காத்தாடி ஒண்ணுகூட கிடையாது.

அதனாலதான் அந்த 600 கோடியை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன். காத்தாடியை மட்டும் கேள்வி கேட்டா பாதிக் கேள்விதான். துறைமுக வேலையில புதுசா சுவர் வருதா, எவ்வளவு நீளம், தேங்குற மணலை வடக்கே எடுத்துப் போட ஏற்பாடு உண்டா, இதையும் கேக்கணும்.

இன்னொண்ணு, தமிழ்நாட்டுல இதுக்குப் பார்த்திருக்கிற இடம் மன்னார் வளைகுடா. அங்க 21 தீவு இருந்துச்சு, ரெண்டு மூழ்கிப் போச்சு. பவளப்பாறையை வெட்டி எடுத்தது பெரிய காரணம். தூத்துக்குடி பக்கத்துல வான் தீவு சுருங்கி, செயற்கைப் பாறை இறக்கிக் காப்பாத்த வேண்டியதாச்சு. அவ்வளவு மெலிஞ்ச இடத்துல "சின்னப் பாதிப்புதானே"ன்னு விட முடியாது.

நாம கேக்க வேண்டியது மூணு.

1. முதல் தூண் இறங்குறதுக்கு முன்னாடியே, ரெண்டு பருவமழைக் காலத்துலயும் அலை, மணல், கரை எல்லாத்தையும் அளந்து தமிழ்ல வெளியிடணும். முன்னாடி அளக்கலைன்னா பின்னாடி யாரையும் கேக்க முடியாது.

2. காற்றாலை, கேபிள், துறைமுகம் மூணையும் சேர்த்தே ஆய்வு செய்யணும்.

3. எங்க வலை போடுறாங்கன்னு மீனவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இடத்தையே முடிவு பண்ணணும்.

நமக்குக் காத்து மின்சாரமும் வேணும், மீனவர் வீட்டு வாசலும் வேணும். அடுத்த ஃபார்வர்டு வந்தா பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இது தூணா, சுவரா?



#தூணா_சுவரா #கடற்கரை_காப்போம்