சான்றிதழும் சாரதியின் வயிறும்

(வட்டகொடையில் லொறிச் சாரதிகளும் மரக்கறித் தோட்டக்காரரும் கூடிய கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



லொறிச் சாரதிகள் கூடியிருக்கும் இடத்தில் மருத்துவனுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை இருக்கிறது. இலகு வாகனம் ஓட்டுபவர் எட்டாண்டுக்கொருமுறை அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்தால் போதும். பாரவாகனம் ஓட்டும் நீங்களோ நான்காண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும். கண்ணைப் பார்க்கிறார்கள், காதைப் பார்க்கிறார்கள், இரத்த அழுத்தத்தை அளக்கிறார்கள், உங்களுக்கு என்ன நோய் உண்டு என்று கேட்கிறார்கள். இந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கருவி பொய் சொல்லாது. ஆனால், வலிப்பு வந்ததுண்டா, மயக்கம் வந்ததுண்டா, நீரிழிவுக்கு ஊசி போடுகிறாயா என்ற கேள்விகளுக்குக் கருவி விடை தராது, மனிதன்தான் தரவேண்டும். அந்த மனிதன் உண்மையைச் சொல்லத் துணிகிறானா?

என்னிடம் மருந்தெடுக்கும் சாரதி ஒருவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, சான்றிதழுக்குப் போன அன்று உங்கள் மருந்துச் சீட்டை வீட்டுக் கூரையிலே செருகிவிட்டுப் போனேன்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைக் கடிந்துகொள்ளவும் வாய் வரவில்லை. வீட்டிலே மூன்று பிள்ளைகள். லொறி ஓடினால்தான் சம்பளம். உண்மையைச் சொன்னால் அடுப்பு அணையும் என்றால், யார்தான் உண்மையைச் சொல்வார்?

இது நம் மலைநாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. 2014 டிசம்பர் 22ஆம் நாள், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், நத்தார்ப் பொருள் வாங்க மக்கள் நிறைந்திருந்த வீதியிலே குப்பை ஏற்றும் லொறியொன்று பாய்ந்தது. ஆறு பேர் மாண்டனர். சாரதி ஓட்டும்போதே நினைவிழந்திருந்தார். மறுவருடம் நடந்த விசாரணையில் வெளிவந்தது என்ன? 2010இல் அவர் பஸ் சாரதியாக இருந்தபோதே, நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸிலே மயங்கியிருந்தார். அதை வைத்தியரிடமும் அதிகாரிகளிடமும் உள்ளபடி சொல்லாமல் மறைத்திருந்தார். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரருகே 1999இல் பஸ் ஒன்று வீதியை விட்டு விலகி 22 பயணிகள் இறந்தனர். அந்தச் சாரதிக்குச் சிறுநீரகமும் இதயமும் கடுமையாகப் பழுதுபட்டிருந்தன. ஆயினும் உடற்தகுதிச் சான்றிதழ் இருந்தது! பயிற்சி பெற்றுப் பதிவுசெய்த மருத்துவரே கையொப்பமிடலாம் என்ற விதி அந்நாட்டில் 2014இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நம் வீதிகளையும் எண்ணிப் பாருங்கள். 2023 ஜனவரி 20ஆம் நாள் நானுஓயா ரதல்லப் பாதையில் ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11ஆம் நாள் கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவற்றுக்குச் சாரதியின் நோய்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது அநியாயம். இந்த மலைப்பாதை பிழையை மன்னிப்பதில்லை என்றே சொல்கிறேன். சமவெளியில் ஒரு நொடி கண் மங்கினால் வண்டி வயலில் இறங்கும். இங்கே எங்கே இறங்கும்?

நீரிழிவுக்காரர் காலையில் ஊசி போட்டுக்கொண்டு, அல்லது சிலவகை மாத்திரையை விழுங்கிவிட்டு, உண்ணாமல் வண்டி எடுத்தால் இரத்தத்தில் சீனி சடுதியாக இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், பிறகு புத்தி தடுமாறும். இறம்பொடை வளைவில் அது நேர்ந்தால் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்ற நினைவே வராது. உறக்கத்தில் குறட்டையோடு மூச்சுத் தடைப்படுபவர் பகலிலே தூங்கி விழுவார். சிகிச்சை பெறாவிட்டால் அவருக்கு விபத்து நேரும் வாய்ப்பு இருமடங்குக்கு மேல் என்று ஆய்வுகள் கூறுகின்றன. மனைவிமார் இங்கே வந்திருக்கிறீர்கள். அந்தக் குறட்டையை உங்களைவிட அறிந்த வைத்தியர் எவருமில்லை!

ஆகவே என்ன செய்வது? நோயாளியை விரட்டுவதா? அன்று. அமெரிக்க வழிகாட்டிகளில் நெடுங்காலம் கையாளப்பட்ட முறையைக் கேளுங்கள். இரத்த அழுத்தம் 180/110க்கு எட்டினால் ஓட்டக்கூடாது. 160க்கு மேல் என்றால் மூன்று மாதத் தவணை, அதற்குள் மருந்தால் குறைத்துக்கொண்டு வா என்றார்கள். 140க்கு மேல் என்றால் ஓராண்டுச் சான்றிதழ். இன்சுலின் போடுவோரைப் பொதுவிதியாலே ஒதுக்கிவைத்திருந்த அந்நாடு, 2018இல், நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று விதியை மாற்றியது. உண்மை சொன்னவனுக்கு வழி திறந்திருந்தால் அவன் ஏன் சீட்டைக் கூரையிலே செருகப்போகிறான்?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. விளங்காத மொழியில் ஒரு கேள்வி வந்தால் நம்மவர் "இல்லை" என்று தலையாட்டிவிட்டு வருவார். அது பொய்யுமன்று, மெய்யுமன்று. நோய் கேட்கும் இடத்தில் தமிழ் வேண்டும் என்று கேட்பது மொழிப்பற்றினால் மட்டுமன்று, உயிர்ப்பயத்தினாலும்தான்.

இனி மரக்கறிக்காரர்களே, லொறி முதலாளிமாரே, உங்களிடம் வருகிறேன். கோபிக்க வேண்டாம். லீக்ஸும் கரட்டும் விடியுமுன் பேலியகொடைச் சந்தைக்குச் சேரவேண்டும். பிந்தினால் விலை விழும். அது எனக்கும் தெரியும். ஆனால் பகலெல்லாம் மூட்டை ஏற்றிய மனிதனையே இரவெல்லாம் ஓட்டச்சொல்வது யார்? அரசாங்கமா? நாம்தானே! அழுத்தம் இறங்கும்வரை அவருக்கு மூன்று மாதம் களஞ்சியக் கணக்கோ நிறுவையோ கொடுங்கள், சம்பளத்தை நிறுத்தாதீர்கள். அது உங்களுக்குச் சுமைதான். தனியொரு முதலாளி தாங்கமாட்டார் என்றால், சங்கமாகச் சேர்ந்து ஒரு நிதி வையுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் சிறு தொகை போட்டால் போதும். எவ்வளவு என்பதை நீங்களே இன்று பேசி முடிவுசெய்யுங்கள். கணக்கு எனக்கு வராத கலை.

கூட்டம் முடிந்ததும் அழுத்தமானியோடு அந்த மேசையருகே இருப்பேன். பெயர் கேட்கமாட்டேன்; எவரிடமும் சொல்லவும் மாட்டேன். முதலாளிமாரும் வரலாம். கூரையிலே செருகிய சீட்டு யாரிடமேனும் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.