குலுக்காதீர்கள்!

ஆஸ்திரேலியாவில் மருத்துவ அறிவியல் பட்டம் படிப்பவர், கூடவே டேஃப் என்ற அரசுத் தொழிற்கல்வி நிலையத்தில் நோயறி ஆய்வகப் பயிற்சியும் பெற வழி உண்டு. பட்டம் இருக்கும்போது பயிற்சி எதற்கு?

ரத்தம் எடுத்த குழாயைப் பாருங்கள். உள்ளே பெரும்பாலும் ஒரு வேதிப்பொருள் இருக்கும். அது ரத்தத்தோடு கலக்க வேண்டும். அதற்காக மோர் கடைவதுபோல் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்துவிடும். அறிக்கையில் பொட்டாசியம் அதிகம் என்று வரும். நோயாளி பாவம், நன்றாகத்தான் இருப்பார்!

சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் ஏன் நிறைந்திருக்கிறது என்பதைப் பட்டப்படிப்பு சொல்லும். குழாயைக் குலுக்காமல், எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தக் கை பழக வேண்டுமே! அது பயிற்சியில்தான் வரும்.

சிவப்பணுக்கள் உடைந்த ரத்தத்தைத் தெளியவைத்தால், மேலே நிற்கும் நீர் சிவந்திருக்கும். பழகிய கண் பார்த்ததுமே, வேறு ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லிவிடும்.