இல்லாத நோய்க்கு எதுக்குடா ஊசி?

போன வாரம் அக்கா போன் பண்ணினா. "பாப்பாவுக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருச்சு. தொண்டை அடைப்பானுக்கு இன்னொரு ஊசி பாக்கி இருக்குன்னு நர்ஸ் சொல்றாங்க. அந்த நோய் வந்த ஒருத்தரையும் நான் பார்த்ததில்ல. இல்லாத நோய்க்கு எதுக்குடா ஊசி?"

நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுறவன். "போட்டுடுக்கா"ன்னு சொல்லி வச்சிருக்கலாம். ஆனா அவ கேட்டது நியாயமான கேள்வி. அதனால உட்கார்ந்து படிச்சேன். படிச்சதுதான் இன்னிக்கு எபிசோட்.

டிப்தீரியான்னு சொல்ற தொண்டை அடைப்பானுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா. ஆச்சரியம் என்னன்னா, இந்தக் கிருமி எல்லாமே நச்சு சுரக்காது. பாக்டீரியாவையே தாக்குற ஒரு வைரஸ் இருக்கு. நச்சு தயாரிக்கிற மரபணுவை அதுதான் கொண்டுவந்து உள்ளே சேர்க்குது. நம்ம மொழியில சொன்னா, யாரோ இன்ஸ்டால் பண்ணிவிட்ட பிளகின் மாதிரி. அந்த நச்சு நம்ம செல்லுக்குள்ள நுழைஞ்சா, செல் புரதம் தயாரிக்கிற வேலையை நிறுத்திடும். செல் செத்துடும்.

கிருமி உள்ளே போய் பெரும்பாலும் 2 முதல் 5 நாள்ல அறிகுறி தெரியும். தொண்டை வலி, லேசான காய்ச்சல், அசதி. சாதாரண சளின்னுதான் தோணும். அப்புறம் தொண்டையிலயும் டான்சில்லயும் சாம்பல் நிறத்துல கெட்டியா ஒரு படலம் படியும். செத்த செல்கள்தான் அது. சுரண்டினா ரத்தம் வரும், தொடவே கூடாது. சிலருக்கு கழுத்து நல்லா வீங்கிடும். படலம் மூச்சுக்குழாயை அடைச்சா மூச்சுத் திணறல்.

நச்சு ரத்தத்துல கலந்தா இன்னும் ஆபத்து. இதயத் தசை பாதிக்கப்படும். நரம்பு பாதிச்சு, குடிச்ச தண்ணி மூக்கு வழியா வரலாம், பேச்சு மூக்கால வரலாம். தொண்டை சரியான பிறகு, சில வாரம் கழிச்சுக்கூட இதெல்லாம் வரலாம்.

பரவுறது இருமல், தும்மல் வழியா. தோல்ல இருக்கிற புண் வழியாவும் பரவும். எந்த அறிகுறியும் இல்லாத ஒருத்தர்கூட கிருமியைச் சுமந்துகிட்டுப் போகலாம்.

சிகிச்சை ரெண்டு பங்கு. கிருமியைக் கொல்ல பென்சிலின் அல்லது எரித்ரோமைசின், வழக்கமா 14 நாள். நச்சை முறிக்க நச்சுமுறிவு மருந்து. 1890-ல பேரிங், கிட்டசாட்டோ ரெண்டு பேரும் கண்டுபிடிச்ச வழி இது. 1901-ல மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே பேரிங்குக்கு இதுக்காகத்தான் கிடைச்சது. இன்னிக்கும் குதிரை ரத்தத்துல இருந்துதான் அதைத் தயாரிக்கிறாங்க. அதனால ஒவ்வாமை வருமான்னு முதல்ல பார்த்துட்டுத்தான் கொடுப்பாங்க.

ஆனா ஒரு விஷயம். இன்னும் ரத்தத்துல சுத்திக்கிட்டு இருக்கிற நச்சை மட்டும்தான் அது முறிக்கும். செல்லுக்குள்ள போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. அதனாலதான் சந்தேகம் வந்தாலே டாக்டர்கள் லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம ஆரம்பிச்சிடுறாங்க. அப்படிச் சிகிச்சை கொடுத்தும்கூட சுமார் 10 பேர்ல ஒருத்தர் இறந்துடுறாங்க.

இப்போ அக்கா கேள்விக்கு வருவோம். தடுப்பூசியில இருக்கிறது வீரியம் நீக்கின நச்சு. அது நச்சை எதிர்க்க உடம்பைப் பழக்குது. கிருமி தொண்டையில ஒட்டிக்கிறதை முழுசாத் தடுக்காது. அப்படின்னா, ஊசி போட்டவங்க நிறைஞ்ச ஊர்லகூட கிருமி அமைதியா சுத்திக்கிட்டே இருக்கலாம். நோய் கண்ணுல படலைங்கிறதுக்காக கிருமி போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஊசி தந்த பாதுகாப்பும் வருஷம் போகப் போகக் குறையும்.

இது சும்மா பயமுறுத்துற கதை இல்ல. சோவியத் யூனியன்ல தடுப்பூசியால இந்த நோய் கிட்டத்தட்ட காணாமலே போயிருந்தது. குழந்தைகளுக்கு ஊசி போடுறது குறைஞ்சது, பெரியவங்களுக்குப் பாதுகாப்பு தேய்ஞ்சது, நாடும் உடைஞ்சது. 1990-களில் அந்தப் பகுதியில 1,50,000 பேருக்கு மேல பாதிப்பு. சுமார் 5,000 பேர் இறந்தாங்க. ரஷ்யாவுல பாதிக்கப்பட்டவங்கள்ல பெரியவங்கதான் அதிகம்.

நம்ம நாட்டு அட்டவணை இதுதான்: 6, 10, 14-வது வாரங்கள்ல பென்டாவேலன்ட் ஊசி. 16 முதல் 24 மாசத்துக்குள்ள டிபிடி பூஸ்டர், 5 முதல் 6 வயசுக்குள்ள இன்னொண்ணு. அப்புறம் 10 வயசுலயும் 16 வயசுலயும் டிடி. கர்ப்பிணிகளுக்கும் உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல எல்லாம் இலவசம்.

இதை எல்லாம் அக்காகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "சரிடா, உன் 16 வயசு ஊசி போட்டாச்சா?"ன்னு கேட்டா. எனக்கு ஞாபகமே இல்ல. அம்மாவைக் கேட்டேன், அவங்களுக்கும் இல்ல. அட்டையும் வீடு மாத்தினப்போ தொலைஞ்சு போச்சு. பிளஸ் ஒன் படிக்கிற வயசுல இதை யாரு நினைச்சுப் பார்த்தா!

பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சு. கை வலிக்குதுன்னு ரெண்டு நாள் ஹோம்வொர்க் எழுதலையாம். நான் இந்தச் சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறேன். நீங்களும் வீட்டு பீரோவுல அந்த அட்டை இருக்கான்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. தொண்டை வலியோட சாம்பல் படலமோ கழுத்து வீக்கமோ தெரிஞ்சா, கை வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.