பனையைப் பற்றிப் பத்து வரி

நடுவர் அவர்களே, பனிக்குளிரையும் பாராமல் ஸ்காபரோவின் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் என் உறவுகளே!

"ஐந்து நாள் பள்ளிக்கூடம், ஆறாம் நாள் தமிழ் வகுப்பு, பிள்ளைக்கு ஏன் இந்தச் சுமை?" என்று எதிரணித் தங்கச்சி கேட்டார். நான் திருப்பிக் கேட்கிறேன்: அந்தப் பிள்ளைக்குத் தன் அப்பாவைத் தெரியுமா?

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள்மீது நடந்த வன்முறைக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கனடாவுக்கு வந்தவர்கள் நாங்கள். 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த எங்கள் சனத்தை மீனவர்கள்தான் காப்பாற்றினார்கள். வந்து கோப்பை கழுவினோம், தொழிற்சாலையில் இரவு வேலை செய்தோம். அந்த வேலைக்குப் போதுமான ஆங்கிலம்தான் பலருக்கு வாய்த்தது. அந்த ஆங்கிலத்தில் அப்பா "படி, சாப்பிடு, படு" என்பதோடு முடிந்துபோகிறார். பகிடி விடுகிற அப்பா, ஊர்க்கதை சொல்கிற அப்பா தமிழில்தானே இருக்கிறார்!

என் வீட்டிலேயே கண்டேன், நடுவர் அவர்களே. பனையைப் பற்றிப் பத்து வரி எழுதிவரச் சொன்னது தமிழ் வகுப்பு. "அப்பா, பனையில என்ன இருக்கு?" என்றாள் மகள். இரவு வேலைக்குப் புறப்பட்ட என் கணவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவில் கூழ். அதைப் பிலாவிலையைக் கோலிக் குடிக்கவேண்டும் என்று கையை மடித்துக் காட்டினார். மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "அப்பா, நீங்கள் இவ்வளவு கதைப்பீங்களா?" என்றாள்.

வகுப்பில் சொல்லித்தருவது புத்தகத் தமிழ் என்கிறார்கள். உண்மைதான். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போனால் அது புத்தகத்தோடு நின்றுவிடும். வீட்டில் பக்கத்தில் உட்காருங்கள், பேச்சுத் தமிழ் தானே வரும்.

தலைமுறைக்குத் தலைமுறை கருத்து வேறுபடும். "எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம்" என்று பிள்ளை சொல்லட்டும். ஏன் வேண்டாம் என்பதை அம்மாவுக்குப் புரிகிற தமிழில் சொல்லட்டும். சண்டை பிடிக்கவும் பொதுவாக ஒரு மொழி வேண்டாமா?

2016இல் கனடா நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. நாடு ஒரு மாதம் தந்திருக்கிறது. நாங்கள் ஒரு சனிக்கிழமைக் காலையைத் தரமாட்டோமா?

பத்து வரி கேட்ட வகுப்புதான் என் மகளுக்கு அவள் அப்பாவைக் காட்டியது. அதைச் சுமை என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், நடுவர் அவர்களே.